கீழ் அம்பு

“அசையாம உட்காந்திருங்கக்கா. பாப்பா நடுவுல முழிச்சிட்டா திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்” என்று ஆஸ்பத்திரியில் டெஸ்ட் எடுக்கும் ஷமீமா சொன்ன நொடியிலிருந்துதான் அனுசுயாவுக்கு உடம்பில் ஒவ்வோர் இடமாக அரிக்கத் தொடங்கியது. முதலில் மூக்கு நுனி, அப்புறம் குதிகால், அப்புறம் தாலிக்கொடி உரசும் இடம். மடியில் மகள் ஓவியா வாயைக் கொஞ்சம் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்க மருந்தைப் பாதி துப்பியதில் சட்டைக் கழுத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கறை, அதிலிருந்து சர்க்கரைப்பாகு வாசனை. நெற்றியிலும் காதுகளுக்குப் பின்னாலும் பசை வைத்து ஒட்டிய வில்லைகள். அவற்றின் வயர்கள் சின்னப் பெட்டி ஒன்றுக்குள் போய், அங்கிருந்து ஷமீமாவின் கம்ப்யூட்டருக்குப் போயின. காதுக்குள் மஞ்சள் பஞ்சு போல ஒன்றைச் செருகியிருந்தார்கள். அதன் வழியாகச் சத்தம் போகுமாம். மூளை அதை வாங்கிக்கொண்டால் திரையில் அலை எழும்புமாம். கேட்கிறதா என்று குழந்தையிடம் கேட்கவே வேண்டாம், தூக்கத்திலேயே தெரிந்துவிடும். ஸ்பாஞ்ச் ஒட்டிய சுவர்கள். கதவைச் சாத்தியதும் திருச்சி முழுக்க எங்கோ போய்விட்டது. பஸ் ஹாரன் இல்லை, வராந்தாவில் டோக்கன் கூப்பிடும் குரல் இல்லை. இருந்ததெல்லாம் கம்ப்யூட்டரின் முனகலும் தன் மூச்சும்தான். போனை உள்ளே கொண்டுவரக் கூடாது, மெஷினைக் குழப்பும் என்று சொல்லிவிட்டதால் அதை வெளியே கொடுத்துவிட்டு வந்திருந்தாள். வெளியே என்றால் பூபதியிடம். அவள் புருஷனிடம். அணைக்காமல் கொடுத்துவிட்டாள். கொடுத்த கை இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.

அணைத்துக் கொடுத்திருக்கலாம். ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் போதும். ஆனால் ஷமீமா கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், தோளில் பிள்ளை கனக்கிறது, பூபதியின் போனில் வேறு சார்ஜ் இல்லை, பட்டறையிலிருந்து கூப்பிட்டால் இதில்தான் பேச வேண்டும் என்று அவனே கையை நீட்டிவிட்டான். கரூரில் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் சூப்பர்வைசர். லீவு போட்டாலும் கூப்பிடுவார்கள். அதனால் போன் மடியில் இருக்கும். அது சும்மா இருக்காதே. நேற்று மத்தியானத்திலிருந்து அது சும்மா இல்லை. ‘விடையகம்’ என்று அந்தக் கேள்வி-பதில் தளத்தின் பேர் மேலே வரும், பக்கத்தில் நீலத்தில் ஒரு கேள்விக்குறி, கீழே யார் என்ன எழுதினார்கள் என்பதன் முதல் இரண்டு வரி. பூட்டியிருந்தாலும் அந்த இரண்டு வரி தெரியும். தெரிந்தால் தொடாமல் இருப்பானா? தொட்டால் திறந்துவிடும், அவனுக்குப் பூட்டைத் திறக்க விரலால் இழுக்கும் கோலம் தெரியும். திறந்தால் முதலில் அவள் பேர். அனுசுயா பூபதி, கரூர். சொந்தப் பேரில் யாரும் அங்கே எழுதுவதில்லை என்பதே அவளுக்கு எழுதிய பிறகுதான் தெரிந்தது. மற்றவர்களெல்லாம் தர்க்கவாணன், நடுநிலைக்குரல், கண்ணாடி என்று எதையாவது மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். இவள் மட்டும் வீட்டு நைட்டியோடு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தவள் மாதிரி.

என்னதான் எழுதிவிட்டாள்? மூக்கை அரித்தது. தலையைக் குனிந்து தோளில் தேய்க்கலாமா? வேண்டாம், வயர். எழுதியது ஒவ்வொரு சொல்லும் நினைவிருந்தது, அதுதான் தொல்லை. ‘என் மகளுக்கு இரண்டரை வயது. இன்னும் பேச்சு வறவில்லை. அம்மா என்றுகூடச் சொல்வதில்லை. கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுகிறாள். என் கணவர் அதிகம் பேசமாட்டார். நான் கூப்பிட்டாலே நான்கு முறைக்கு ஒரு முறைதான் திரும்புவார். வீட்டில் பேச்சு இல்லாததால்தான் குழந்தை பேசவில்லையா? நான் என்ன செய்ய வேண்டும்?’ அவ்வளவுதான். பாத்திரம் கழுவிய கையைத் துடைத்துவிட்டு ஒரே மூச்சில் எழுதி அனுப்பினாள். அந்தத் தளத்தில் கேள்விக்குப் பக்கத்தில் இரண்டு அம்பு இருக்கும். கேள்வி நன்றாயிருந்தால் மேல் அம்பை அழுத்துவார்கள், மோசம் என்றால் கீழ் அம்பை. நடுவில் ஒரு எண். சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தபோது மைனஸ் இரண்டு. அவளுக்குப் புரியவே இல்லை. பிள்ளை பேசவில்லை என்று ஒருத்தி சொல்கிறாள், அதில் மோசம் என்ன? முதல் கருத்து, ‘தேடிப் பார்த்தீர்களா? இதே கேள்வி முன்பே கேட்கப்பட்டுள்ளது.’ தேடிப் பார்த்தாள். அது பையனுக்கு, ஒரு வயதுக்கு. இரண்டாவது, ‘குழந்தை கையில் மொபைலைக் கொடுத்துவிட்டு இங்கே வந்து அழுவது வழக்கமாகிவிட்டது.’ மொபைலைக் கொடுத்தேன் என்று அவள் எங்கேயும் எழுதவில்லையே. கொடுத்ததும் உண்டுதான். சோறு ஊட்டும்போது மட்டும். அது இவனுக்கு எப்படித் தெரிந்தது? ஒருவேளை எல்லாருக்கும் தெரியுமோ, முகத்தில் எழுதியிருக்குமோ? மூன்றாவது தர்க்கவாணன். பேருக்குப் பக்கத்தில் தங்க நிறப் பதக்கங்கள் வரிசையாக. ‘வறவில்லை அல்ல, வரவில்லை. குழந்தைக்குப் பேச்சு வருவது இருக்கட்டும், முதலில் தாய்க்குத் தமிழ் வரட்டும்.’ அதற்கு மட்டும் பன்னிரண்டு பேர் மேல் அம்பை அழுத்தியிருந்தார்கள்.

வரவில்லை. வறவில்லை. நேற்று ராத்திரி முழுக்க அந்த எழுத்து கண்ணுக்குள் வளைந்து வளைந்து வந்தது. அவளுக்குத் தெரியாதா என்ன? ஏழு வருஷம் ஏற்றுமதிக் கம்பெனியில் பில் அடித்தவள். அவசரத்தில் விழுந்த ஒரு எழுத்து. திருத்தலாம் என்று போனால், தளம் திருத்த விட்டது, ஆனால் ‘திருத்தப்பட்டது’ என்று கீழே போட்டுவிட்டது, அதைப் பார்த்துவிட்டு இன்னொருவன், ‘பிழையை மறைக்கிறார்’ என்றான். அப்படியே விட்டிருந்தால் முட்டாள், திருத்தினால் கள்ளி. மைனஸ் ஐந்து. மைனஸ் எட்டு. யாராக இருக்கும் இவர்கள்? பஸ்ஸில் போய்க்கொண்டு, டீ குடித்துக்கொண்டு, கட்டைவிரலால் ஒரு தட்டு. அவர்களுக்கு அதோடு முடிந்துபோகும். ஒருவேளை இந்த ஷமீமாவும் தட்டுவாளோ? கம்ப்யூட்டர் வெளிச்சத்தில் அவள் முகம் நீலமாக இருந்தது. முக்காட்டை ஒதுக்கிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னப் பெண்தான், தன்னைவிட ஆறேழு வயது குறைவாக இருக்கும். உதட்டைக் கடித்தாள். ஏன் கடித்தாள்? திரையில் பச்சைக் கோடு நடுங்கிக்கொண்டே போனது. மேலே ஏறியது, கீழே இறங்கியது. மேலே போனால் நல்லதா, கீழே போனால் நல்லதா? ஒரு கோட்டில் மேடு தெரிந்த மாதிரி இருந்தது. அடுத்ததில் இல்லை. ஷமீமா எதையோ தட்டினாள். அடுத்த கோடு இன்னும் தட்டையாக, இழுத்துக் கட்டிய நூல் மாதிரி வந்தது. கேட்கலாம், வாயைத் திறந்து, ஏங்க, மேலே போனால் நல்லதா என்று. ஆனால் தேடிப் பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டால்? வாயை மூடிக்கொண்டாள். கேட்டால் தப்பு என்று ஒரே நாளில் உடம்பு படித்துக்கொண்டுவிட்டது.

தீபாவளி நினைவுக்கு வந்தது. அது வரக்கூடாது என்றுதான் இவ்வளவு நேரம் அந்தத் தளத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள் போல. எதிர்வீட்டுப் பையன்கள் வாசலில் சரவெடி வைத்தார்கள். எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். ஓவியா மட்டும் நின்றாள். புகையைப் பார்த்து, பறக்கிற காகிதத்தைப் பார்த்து, கையைத் தட்டிச் சிரித்தாள். “பாருங்க, எவ்வளவு தைரியம்! பயப்படவே இல்லையே உங்க புள்ள” என்றாள் எதிர்வீட்டு அக்கா. அனுசுயாவுக்குப் பெருமையாக இருந்தது. பெருமை! அப்புறம் ஒருநாள் அடுக்களையில் பின்னாலிருந்து தட்டைப் போட்டுப் பார்த்தாள், பிள்ளை திரும்பினாள். அப்பாடா என்றிருந்தது. மறுநாள் போட்டபோது திரும்பவில்லை. விளையாட்டு மும்முரம் என்று சொல்லிக்கொண்டாள். பூபதி இருக்கிறானே, பின்னால் நின்று கூப்பிட்டால் அவனும்தான் திரும்புவதில்லை. பட்டறைச் சத்தத்தில் நாளெல்லாம் நின்று வருகிற மனுஷன், வீட்டில் கொஞ்சம் அமைதியாக இருக்கட்டும் என்று அவன் வீட்டார் சொன்னார்கள். அப்பனைப் போலப் பிள்ளை, பிடிவாதம். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் வைத்து மூடி வைத்தாள். ‘காது’ என்று அவளிடம் முதலில் சொன்னது அங்கன்வாடிக்கு ஊசி போட வந்த நர்ஸ். நேற்றுக் காலை. “திருச்சில போயி காதப் பாத்துட்டு வந்துருங்க கண்ணு.” அதன் பிறகுதான் மத்தியானம் அந்தக் கேள்வியை எழுதினாள். அதில் காது என்ற சொல்லையே போடவில்லை. ஏன் போடவில்லை? புருஷன் பேசமாட்டார் என்று எழுதினாள், வீட்டில் பேச்சில்லை என்று எழுதினாள், காதை மட்டும் விட்டுவிட்டாள். யாராவது, ஐயோ அதெல்லாம் ஒன்றுமில்லை, நீங்கள் நிறையப் பேசுங்கள், சரியாகிவிடும் என்று சொல்ல வேண்டும் என்றுதானே? திட்டினாலும் பரவாயில்லை, உன் குற்றம் என்று சொல்லட்டும். குற்றம் என்றால் திருத்திக்கொள்ளலாமே. அப்படியானால் தர்க்கவாணன் சொன்னதையெல்லாம் அவள்தான் கூப்பிட்டு வாங்கிக்கொண்டாளோ?

கால் மரத்துப்போயிற்று. தொடைக்குக் கீழே யாரோ வேறொருத்தியின் கால். வெளியே பூபதி எப்படி உட்கார்ந்திருப்பான் என்று அவளால் பார்க்க முடிந்தது. சுவரோரம் கடைசி நாற்காலி, எப்போதும் இடதுபக்கம் சுவர் வருகிற மாதிரிதான் உட்காருவான். போன் அதிரும். எடுப்பான். ‘நடுநிலைக்குரல்: இது குழந்தை வளர்ப்புக் கேள்வி அல்ல, குடும்பச் சண்டை. மூட வாக்களிக்கிறேன்.’ காலையில் பஸ்ஸில் வரும்போது வந்தது அது. அதற்குக் கீழே, ‘கட்டிய கணவனை ஊருக்கு முன்னால் குறைசொல்லும் வீட்டில் எந்தக் குழந்தை வாயைத் திறக்கும்?’ இதைத்தான் அவன் படிக்கக் கூடாது. இதைப் படித்தால், யாரைக் குறை சொன்னாள் என்று மேலே தள்ளிப் பார்ப்பான். நான்கு முறைக்கு ஒரு முறை. அந்த வரியில் நிற்பான். கத்தமாட்டான், அவன் ஒருநாளும் கத்தியதில்லை, கத்தினால்கூடத் தேவலை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கரூர் வரை வயலைப் பார்த்துக்கொண்டு வருவான். என்ன சொல்வது? உங்களைச் சொல்லலீங்க, பொதுவாத்தான் எழுதினேன் என்று சொல்லலாமா? பொதுவாக என் கணவர் என்று யாராவது எழுதுவார்களா? போனை வேறு யாரோ எடுத்து எழுதிவிட்டார்கள் என்பதா? சீ. பெற்ற தாய், ஆஸ்பத்திரி அறையில் பிள்ளைக்கு வயர் மாட்டி வைத்துக்கொண்டு, என்ன பொய் சொல்லலாம் என்று யோசிக்கிறாள். இதையும் கேள்வியாகப் போட்டால் எத்தனை மைனஸ் விழும்?

ஓவியா அசைந்தாள். கை ஒன்று எழும்பி நெற்றி வில்லையை நோக்கிப் போனது. ஷமீமா சட்டென்று திரும்பினாள், வாயில் விரல் வைத்தாள். பாடித் தூங்கவைக்க முடியாது, சத்தம் கூடாது. தட்டிக்கொடுத்தால் மெஷின் குழம்பும். அனுசுயா பிள்ளையின் விரல்களுக்குள் தன் சுண்டுவிரலை மட்டும் கொடுத்தாள். அது பிடித்துக்கொண்டது. இறுக்கமாக, வியர்வையோடு, குழாயைத் திருகுவது போல ஒருமுறை திருகிவிட்டு மெல்லத் தளர்ந்தது. இமைக்குள் கண் உருண்டது. கனவு காண்கிறாளோ? அந்தக் கனவில் சத்தம் இருக்குமா? இந்தக் கேள்வி வந்ததும் அனுசுயாவுக்கு உள்ளே எதுவோ நழுவி விழுந்தது. அது வரைக்கும் வெளியே நிற்கிற யார் யாரோ கத்திக்கொண்டிருந்த இடத்தில் இப்போது ஒருவரும் இல்லை. இரண்டரை வருஷமாகத் தாலாட்டுப் பாடியிருக்கிறாள். மார்பில் போட்டுக்கொண்டு பாடுவாள், பிள்ளை கன்னத்தை மார்போடு ஒட்டிக்கொண்டு தூங்கும், கீழே கிடத்திவிட்டுப் பாடினால் தூங்காது. அம்மாச்சூடு தேடுகிறது என்று நினைத்தாள். அதிர்வைத் தேடியிருக்கிறது. கண்ணில் நீர் வழிந்து மூக்கோரமாக இறங்கி மேலுதட்டில் நின்றது. துடைக்க முடியவில்லை. அரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை.

ஷமீமா எழுந்து விளக்கைப் போட்டாள். வில்லைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, பஞ்சால் பசையைத் துடைத்தாள். “சாரையும் உள்ள கூப்பிட்டுக்கலாமாக்கா? ரெண்டு பேருக்கும் சேத்தே சொல்லிடறேன்” என்றாள். கதவைத் திறந்து கூப்பிட்டாள். ஒருமுறை, இன்னொருமுறை. அப்புறம் வெளியே போய்த் தோளைத் தொட்டுத்தான் அழைத்து வந்தாள். பூபதி உள்ளே வந்தான். போன் அவன் கையில் இருந்தது, சட்டைப் பையில் இல்லை. அனுசுயா அதை மட்டும் பார்த்தாள். திரை கறுப்பாக இருந்தது. அவன் முகத்தில் எதுவும் படிக்க முடியவில்லை.

“ரெண்டு காதுலயும் கேக்குறது கொறைவாத்தான் இருக்கு” என்றாள் ஷமீமா. நாற்காலியை இழுத்து எதிரே போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். “சுத்தமா கேக்காம இல்ல. பக்கத்துல, சத்தமா பேசுனா கொஞ்சம் போகும். மெதுவா பேசுறது போகாது. காதுக்கு மெஷின் வெக்கணும், கூடவே பேச்சுப் பயிற்சி குடுக்கணும். டாக்டர் பாத்துட்டு முழுசா சொல்லுவார். பேச்சு வரும்க்கா. அழாதீங்க, வரும்.”

அனுசுயா தலையாட்டினாள். இன்னும் அழுகிறோம் என்பதே அவள் சொல்லித்தான் தெரிந்தது.

“குடும்பத்துல யாருக்காவது காது கேக்குறதுல பிரச்சன இருக்கா?”

“இல்லீங்க” என்றாள் அனுசுயா.

“எனக்கு” என்றான் பூபதி.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் ஷமீமாவின் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். “எடது பக்கம் சுத்தமா இல்லீங்க. வலது பக்கம் பாதிதான். பள்ளிக்கூடத்துலேர்ந்தே அப்படித்தான். எதிர்ல நின்னு பேசுனா வாயப் பாத்துப் புரிஞ்சுக்குவேன். பட்டறையில எவனுக்கும் கேக்காதுங்க, அங்க வித்தியாசம் தெரியாது.”

“ஏனுங்க” என்றாள் அனுசுயா.

“பொண்ணு பாக்க வந்தன்னிக்கே சொல்லீருக்கோணும். சொன்னா குடுக்கமாட்டாங்கன்னு எங்க வீட்ல வாய அடச்சிட்டாங்க. அப்புறம் சொல்றதுக்கு ஒரு நாளு அமையவே இல்ல அனு. அடுத்த மாசம், அடுத்த மாசம்னு...” போனைக் கைகளுக்கு இடையே மாற்றி மாற்றிப் பிடித்தான். “பட்டறையிலேர்ந்து போன் வந்துச்சு. வலது காதுல அழுத்தி வெச்சுப் பேசிட்டு வெக்கறப்ப அது தெறந்துருச்சு. நீ எழுதுனதப் படிச்சேன்.”

இதோ வந்துவிட்டது. அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

“நாலு தடவ கூப்புட்டா ஒரு தடவ திரும்பறேன்னு எழுதியிருந்த” என்றான். “அந்த மூணு தடவ நீ கூப்புட்டதே எனக்குத் தெரியாதும்மா.”

ஷமீமாதான் முதலில் எழுந்தாள். “சார், நீங்களும் உக்காருங்க. கையோட பாத்துடலாம். இதுல தூங்கவெல்லாம் வேண்டாம், சத்தம் கேட்டா பட்டன அழுத்துனா போதும்.” அவன் மறுக்கவில்லை. போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு, பட்டறைக்குப் புதிதாக வந்தவன் மாதிரி முழங்காலில் கை வைத்து நாற்காலியில் உட்கார்ந்தான். கதவு சாத்திக்கொண்டது.

வராந்தாவில் அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் அனுசுயா உட்கார்ந்தாள். பிள்ளை தோளில் இன்னும் தூக்கத்தில் இருந்தாள். டோக்கன் கூப்பிட்டார்கள், யாரோ இருமினார்கள், எங்கேயோ ஆட்டோ உறுமியது, எல்லாச் சத்தமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. இத்தனையா கேட்டுக்கொண்டிருக்கிறது எனக்கு என்று இருந்தது. ஒரு கையால் போனைத் திறந்தாள். மைனஸ் பதினான்கு. ‘இந்தக் கேள்வி மூடப்பட்டுள்ளது. இனிப் பதில் எழுத இயலாது.’ ஓரத்தில் சிவப்பில் ‘நீக்கு’ என்று இருந்தது. பஸ்ஸில் வரும்போதே அழுத்த நினைத்த பொத்தான். கட்டைவிரலைக் கொண்டுபோனாள். பாதி கேட்கிற மனுஷனோடு நான்கு வருஷம் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அவன் கல்நெஞ்சு என்று உலகத்துக்குச் சொல்லியிருக்கிறாள். அது அங்கே நிற்க வேண்டுமா? போகட்டும், ஒரு தட்டில் போகட்டும். அழுத்துமுன் கருத்துகளைக் கடைசி வரை தள்ளினாள். தர்க்கவாணனுக்கும் கண்ணாடிக்கும் கீழே, யாருமே மேல் அம்பும் கீழ் அம்பும் போடாத ஒன்று. ஒரு மணி நேரம் முன்பு எழுதியது. பதக்கம் இல்லை, படம் இல்லை. மும்தாஜ், ஆம்பூர். ‘அக்கா என் பயனுக்கு மூனு வயசு இதே மாதிறிதான் பேசல. நான் கேக்க பயந்துகிட்டு இருந்தேன் நீங்க கேட்டுட்டிங்க. இத எடுத்திடாதிங்க யாறாவது பதில் சொன்னா நானும் பாத்துக்குவேன்.’ அதற்கடியில் ஏற்கெனவே தளத்தின் எச்சரிக்கை ஒட்டியிருந்தது: கருத்துப் பெட்டி நலம் விசாரிப்பதற்கு அல்ல.

அனுசுயா கட்டைவிரலை எடுத்தாள். பதில் எழுத முடியாது, ஆனால் கருத்துப் பெட்டியை அவர்கள் மூடவில்லை. தோளில் பிள்ளையை ஒருபுறம் சாய்த்துக்கொண்டு, ஒரே கையால், நின்று நின்று எழுதினாள். முதலில் காதைப் பார்க்கச் சொல்லி எழுதினாள். பயப்பட வேண்டாம், வலிக்காது, தூங்கும்போதே பார்த்துவிடுவார்கள் என்று எழுதினாள். உங்கள் மேல் தப்பில்லை என்று எழுதிவிட்டு, அது தனக்கே உண்மையா என்று ஒரு கணம் நின்று, அழிக்காமல் விட்டாள். கடைசியாக, பையன் பேர் என்னங்க என்று கேட்டு அனுப்பினாள்.

அனுப்பிய கையோடு அதற்கும் ஒரு கீழ் அம்பு விழுந்தது. அவள் மும்தாஜின் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள்.